மீசைக்கு ஏற்ற கார்பரேட்டர்

யாரிடமும் 'முடியாது' என்று சொல்லும் பழக்கம் அப்துல் நாசருக்குக் கிடையாது. உக்கடத்தில் அவருடைய பட்டறைக்கு எவர் எந்தக் கோணல் யோசனையோடு வந்தாலும், தேநீர் வரவழைத்துக் கொடுத்து, "செஞ்சுபோடலாமுங்க" என்பார். பிறகு, வந்தவர் கேட்டதை விட்டுவிட்டு, வண்டிக்கு எது நல்லதோ அதைச் செய்வார். வண்டி நன்றாக ஓடுவதால் எவரும் பிரித்துப் பார்த்ததில்லை.

ஷெர்வின் வந்தபோதும் அப்படித்தான் நடந்தது. சேற்றிலும் மேட்டிலும் ஓட்டுவதற்கென்றே அவன் கட்டியிருந்த வண்டியில், பழைய வெளிநாட்டுக் கார் ஒன்றின் காற்றாலேயே குளிரும் ஏர்-கூல்டு இன்ஜின் இருந்தது. அதற்கென வாங்கிய பெட்ரோலும் காற்றும் புகும் துவாரம் பெரிதான இன்ஜின் ஹெட்டுகளையும், அவை இரண்டையும் கலக்கும் பெரிய கார்பரேட்டர்களையும், பிறந்த குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தி வந்திருந்தான்.

"பாய், பழசைக் கழட்டிப்போட்டு இதை மாட்டோணுங்க. வண்டி சேத்துல பறக்கோணும்!"

"பறக்கறதுக்கு அது என்னங்க தம்பி, கொக்குங்களா? மேடேறும்போது வண்டி மெதுவாத்தானுங்க போகும். துவாரம் பெருசா இருந்தா அந்த வேகத்துல இழுவை இருக்காதுங்க. பாதி மேட்டுல இருமிப்போட்டு நின்னுக்குமுங்க. இப்ப இருக்கற சின்னதே போதுமுங்க."

"அதெல்லாம் இல்லீங்க பாய், பெருசுதான் வேணும். என்ற மச்சான்கிட்டப் பந்தயம் கட்டியிருக்கறனுங்க. தோத்தா, கூட்டத்துக்கு நடுவுல மீசையை எடுக்கோணுமுங்க!"

நாசர் அந்த மீசையைப் பார்த்தார். இரு முனையிலும் முறுக்கேறி, ஒரு சின்ன அரசுக்குக் கொடியாக நிற்கும் தகுதி அதற்கு இருந்தது. அதைச் சாகவிட அவருக்கு மனம் வரவில்லை.

"செஞ்சுபோடலாமுங்க" என்றார்.

அன்றே பழைய சின்ன ஹெட்டுகளையும் சின்ன கார்பரேட்டர்களையும் கழுவித் துடைத்து, அவற்றையே திரும்ப மாட்டினார்; உள்ளே இருப்பது தெரியாதபடி மேலே தகர மூடிகளைப் போட்டு இறுக்கினார். கழற்றிய பொருளை உரியவரிடம் ஒப்படைப்பது பட்டறை வழக்கம். எனவே புதிய பெரியவற்றைச் சாக்கில் இறுகக் கட்டி, "கழட்டுன பழசு இதுல இருக்குதுங்க" என்று கூசாமல் கொடுத்தார்.

பந்தய நாளில் பல்லடத்துப் பக்கம், ஒரு கோழிப்பண்ணையை ஒட்டிய காலி மேட்டு நிலம் சேறாகக் குழைந்து கிடந்தது. மச்சான் முன்யோசனைக்காரர், முடிதிருத்துபவரையும் கையோடு அழைத்து வந்திருந்தார்.

"பாய், இவரு மீசை தப்பிச்சுக்குமுங்களா?" என்று கவலையோடு கேட்டாள் ஷெர்வினின் மனைவி ஆஷ்லி.

"அந்த மீசைக்கு நான் பொறுப்புங்க அம்மணி" என்றார் நாசர்.

ஷெர்வினின் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. பாதி மேட்டில் இருமியது; மறுபடியும் இருமியது; பிறகு வந்த வழியே பின்பக்கமாகச் சறுக்கிக் கீழே வந்து நின்றது. பண்ணைக் கோழிகள் ஒருசேரக் கொக்கரித்தன. மச்சானின் வண்டி மேடேறி மறைவதற்குள் ஷெர்வினின் கழுத்தில் வெள்ளைத் துணி கட்டப்பட்டுவிட்டது.

நாசருக்கு அன்று சோறு இறங்கவில்லை. வாழ்நாளெல்லாம் தாம் சரியென்று நம்பியது பொய்யாகிவிட்டதே! அதைவிட, நம்பி வந்தவனை ஏமாற்றி, அவன் மீசையையும் அல்லவா பலி கொடுத்துவிட்டோம்!

மறுநாள் காலை ஷெர்வின் கதவைத் திறந்தபோது வாசலில் நாசர் நின்றிருந்தார். அவருடைய மேலுதடும் மொழுமொழுவென்று மழிக்கப்பட்டிருந்தது.

"ஏனுங்க பாய், இது என்ன கோலமுங்க?"

"என்னை மன்னிச்சுப்போடுங்க தம்பி. நீங்க கொண்டாந்த பெருசை நான் மாட்டவே இல்லீங்க. சின்னதையே திரும்ப மாட்டிப்போட்டு, பெருசைச் சாக்குல கட்டி, பழசுன்னு பொய் சொல்லிக் குடுத்துட்டனுங்க. உங்க மீசை என்னாலதானுங்க போச்சு. அதான் என்ற மீசையையும் எடுத்துப்போட்டேன். வாங்க, இப்பவே பெருசை மாட்டித் தாரேன்."

ஷெர்வின் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பாய்... அனுபவப்பட்டவரு பேச்சைத் தட்டிட்டமேன்னு எனக்கும் மனசு கேக்கலீங்க. மாத்துங்கன்னு உங்ககிட்ட மறுபடியும் வந்து நிக்கக் கூச்சமா இருந்துச்சுங்க. அதனால பந்தயத்துக்கு முன்னாடி, பல்லடத்துல வேறொரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுட்டுப் போனனுங்க."

"போயி?"

"நீங்க மாட்டுனதைக் கழட்டிப்போட்டு, சாக்குல கட்டிக் குடுத்த பழசையே மாட்டச் சொல்லிட்டனுங்க பாய்!"