நடுவுல நிக்கிற ராஜா

அக்கா, தூங்கிட்டியா? அம்மா ஆஸ்பத்திரிக் கட்டில்லேருந்து எங்கூட ஆன்லைன்ல செஸ் ஆடிட்டிருக்கா. ஒரு வருஷத்துல அவ ரேட்டிங் அறுநூறுலேருந்து தொள்ளாயிரத்துக்கு ஏறிடுச்சு. ராணிய விட்டு வெளாசுவா, ஆனா ராஜாவ மட்டும் நடுவுலயே நிறுத்தி வெச்சிருப்பா. "காஸ்லிங் பண்ணி மூலையில பத்திரமா வைம்மா"ன்னு தலபாடா அடிச்சுக்கிட்டாலும் கேக்க மாட்டா. "போடி பயந்தாங்கொள்ளி, என் ராஜா எதுக்கு ஒளியணும்?"ம்பா.

இன்னிக்கு ஆறாவது மூவுலயே காஸ்லிங் பண்ணிட்டா. விடிஞ்சா அவளுக்கு ஆபரேஷன். என்ன பண்றதுன்னு தெரியாம, என் ராஜாவ கட்டம் கட்டமா நகத்தி நடுவுல கொண்டாந்து நிறுத்தினேன்.

"ஏன்டி, உனக்குப் பயமா இல்லியா?"ன்னு டைப் பண்ணியிருக்கா.

நான் என்னன்னு பதில் போடட்டும்க்கா?