ஒரு அங்குலத் தகரம்

லோடு ஆட்டோக்காரர் இறக்கிப் போட்டுவிட்டுப் போன சாக்கு மூட்டையை ஓரமாகப் பிரித்தேன்.

கலரைப் பார்த்ததும் பிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. எந்தக் கம்பெனிக்காரனும் ஒரு காருக்கு இப்படிக் கலர் அடிக்க மாட்டான். பட்டறையில் மிச்சம் மீதி கிடந்த பெயிண்ட் டப்பாக்களை எல்லாம் ஒன்றாக ஊற்றிக் கலக்கி, நானும் என் மச்சினனும் அவனுடைய ஓட்டைக் காருக்கு அடித்த கலர். பாசி பிடித்த குளம் மாதிரி இருக்கிறது என்று அவன் அக்கா, அதாவது என் வீட்டுக்காரி, விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தக் காரில்தான் அவன் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிப் போனான். ஒரு அங்குலத் தகரத்துக்காக வந்த சண்டை. வருஷம் இரண்டாகிறது. போன் நம்பரைக்கூட மாற்றிவிட்டான், பெரிய ரோஷக்காரன்.

இப்போது அந்தக் காரின் ஒரு துண்டு என் காலடியில் கிடக்கிறது.

நானேதான் வரவழைத்தேன். பட்டறையில் ஒரு பல் டாக்டரம்மாவின் கார் நிற்கிறது. பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிற தகடு துருப்பிடித்து, விரல் நுழைகிற ஓட்டை. பல் டாக்டர் காருக்கே சொத்தை! பழைய மாடல், புதுத் தகடு கிடைக்காது. நேற்று பக்கத்து ஊரில் பழைய கார்களை உடைத்து விற்கிற யார்டு ஒன்றுக்குப் போன் போட்டு, அளவைச் சொன்னேன், பட்டறை விலாசத்தைச் சொன்னேன், கலர் எதுவானாலும் பரவாயில்லை என்றும் சொன்னேன். எடுத்தவன் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் போல.

கலர் எதுவானாலும் பரவாயில்லையாம். என் நாக்கில் சனி.

உடைக்கிற இடத்துக்கு ஒரு கார் எப்படிப் போய்ச் சேரும்? ஓடி ஓய்ந்தும் போகும், லாரியில் மோதியும் போகும். மோதியதுதான் அதிகம். கறை காயாத சீட்டையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன்.

தகட்டில் எங்கேயாவது அடி தெரிகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். ஒன்றும் இல்லை. இல்லாவிட்டால் என்ன? வண்டியின் முன்பக்கம் என்ன ஆனதென்று பின்பக்கத் தகடா சொல்லும்?

யார்டுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை. சுத்தியலை எடுத்தேன், வைத்தேன். தகரம் வெட்டுகிற கிரைண்டரைப் போட்டேன், நிறுத்தினேன். வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தேன். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. அவள் வந்துவிடுவாள்.

தம்பி போனதிலிருந்து அவள் என்னிடம் பேசுவதே "சாப்பாடு இருக்கு", "கேஸ் தீர்ந்துபோச்சு", அவ்வளவுதான். புது நம்பரிலிருந்து போன் வந்தால் மட்டும் ஈரக்கையோடு ஓடுவாள். அவளிடம் எந்த முகத்தோடு இதைக் காட்டுவது?

தகட்டைத் தார்ப்பாயால் மூடினேன். அது போதாதென்று மேலே உட்கார்ந்தும் கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் நான்.

வந்தாள். கேரியரை வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தார்ப்பாயின் மூலையில் துருத்திக்கொண்டிருந்த பாசிக் கலரைப் பார்த்தாள்.

எழுந்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

தார்ப்பாயை அவளே இழுத்துப் போட்டாள். கத்துவாள், மயங்கி விழுவாள் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, தகட்டை வெட்டியெடுத்த ஓரத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"ஏய், கையை எடு, கிழிச்சிடும்!"

எடுக்கவில்லை. கிரைண்டரால் வெட்டின தகரம் கத்திதான், அது அவளுக்கும் தெரியும். இதே பட்டறையில் ஒரு தகட்டைப் பிடிக்க வந்து அவள் உள்ளங்கை பிளந்த தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தக் கையைத்தான் ஓரம் முழுக்க ஓட்டினாள். பிறகு விரித்து என்னிடம் காட்டினாள்.

ஒரு கீறல்கூட இல்லை.

நானும் உட்கார்ந்து தடவிப் பார்த்தேன். நான்கு ஓரத்தையும் சுத்தியலால் தட்டி உள்பக்கம் மடித்திருந்தது. மடிப்பில் சுத்தியல் பட்ட இடமெல்லாம் பளபளவென்று புதுசாக மின்னியது. நேற்று அடித்த அடி.

உலகத்தில் எந்த யார்டுக்காரனும் இந்த வேலையைச் செய்ய மாட்டான். அக்கா கையில் ரத்தம் பார்த்த நாளிலிருந்து ஒருத்தன் மட்டும்தான் செய்தான். அவன் மடிக்க மடிக்க எனக்குத் தகடு ஒரு அங்குலம் பத்தாமல் போகும். "நீ என்ன, தகரத்துக்கு ஓரம் தைக்கிற டெய்லரா?" என்று கஸ்டமர் முன்னாலேயே கேட்டேன். தகடு வீணானால் யாருக்குத்தான் கோபம் வராது?

டேப்பை எடுத்து அளந்தேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக வந்தது. மூன்றாவது தடவை சரியாக வந்தது. மடிப்பு போக, நான் கேட்ட அளவு அப்படியே இருந்தது. மடிப்பதற்கென்று சுற்றிலும் ஒரு அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டியிருக்கிறான்.

போனில் அவன் ஏன் "ம்"முக்கு மேல் பேசவில்லை என்பதும் இப்போது புரிந்தது. திருட்டுப் பயல்.

அவள் கேரியரைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"சாப்பாடு இருக்குங்க. மூணு பேருக்கு வரும். வண்டிய எடுங்க."

வெறுங்கையாலேயே தகட்டைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, வண்டிச் சாவியைத் தேடினேன்.