மூன்றாம் வருடப் பெட்டைகள்

“மூணு வருஷம் ஆயிடுச்சுன்னா அனுப்பிட வேண்டியதுதான். இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா எப்படி?”

கதவருகே நின்றபடி கணவன் சொன்னான். இருட்டறையில் விளக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் திரும்பவில்லை. அவள் கையில் ஒரு ஃபெசன்ட் கோழியின் முட்டை இருந்தது.

பண்ணையில் ஃபெசன்ட் பெட்டைகளுக்குக் காலில் வளையம் உண்டு. முதல் வருடத்துக்கு மஞ்சள், அடுத்த வருடத்துக்கு நீலம், மூன்றாவதுக்குச் சிவப்பு. சிவப்புக்காரிகள் இந்தப் பருவத்தில் முட்டையைக் குறைத்துவிட்டார்கள். இட்டதிலும் பாதிக்கு மேல் பொரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை இறைச்சிக்கு வண்டி வருகிறது.

சேவலுக்கு வளையம் கிடையாது. அதற்கு என்ன வயது என்று அங்கே யாரும் எழுதி வைத்ததில்லை.

“உங்க அக்காவுக்கு என்ன பதில் சொன்னீங்க?”

“அவ கெடக்குறா, விடு.”

விடக்கூடிய பேச்சில்லை அது. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் தம்பியிடம் சொன்னது சமையலறை வரை கேட்டது. குழந்தைக்காகப் பதினோரு வருடம் பார்த்தாயிற்று. இவளுக்கும் நாற்பது நெருங்குகிறது. வேறு ஒரு பெண் இருக்கிறாள், இருபத்தாறு வயது. இவளை மரியாதையாக அம்மா வீட்டில் விட்டுவிடலாம்.

அவன் முடியாது என்று சொல்லவில்லை. பருவம் முடியட்டும் என்றான்.

அவள் அந்த விளக்கடியில் வருடக்கணக்காக முட்டை பார்க்கிறவள். கரு பாதியில் செத்திருந்தால் உள்ளே இரத்தக் கோடு தெரியும். பருவத் தொடக்கத்தில் சிவப்புக்காரிகளின் தட்டுகளில் பொரிக்காமல் கிடந்தவற்றில் அப்படி ஒன்றிரண்டுதான் இருந்தன. மற்றதெல்லாம் தண்ணீர்போல் தெளிவு. கருவே பிடிக்காத முட்டைகள்.

“உள்ள வாங்க. கதவைச் சாத்துங்க.”

முட்டையை விளக்கின் வாயில் வைத்தாள். சிலந்தி கால் நீட்டினாற்போல் நரம்புகள். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி அசைந்தது. அடுத்த முட்டையிலும். அதற்கடுத்ததிலும்.

“மஞ்சள் தட்டா?”

“சிவப்பு.”

அவன் தட்டில் ஒட்டியிருந்த சீட்டைக் குனிந்து படித்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“கெழட்டுச் சேவலையெல்லாம் பிடிச்சுத் தனியா விட்டுட்டேன். சும்மா நின்னுட்டிருந்த இளசுங்களை உள்ள விட்டேன். ஒரு மாசம் ஆச்சு. உங்க கண்ணுலதான் படலை.”

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அவள் முட்டையை மெல்லத் தட்டில் வைத்தாள்.

இந்தப் பதினோரு வருடத்தில் நான்கு மருத்துவர்கள். நால்வருமே அவளிடம் ஒரு குறையும் இல்லை என்றார்கள். கணவரைக் கூட்டி வாருங்கள் என்றார்கள். நான்கு தடவையும் வீட்டுக்கு வந்து, எல்லோரும் கேட்க, குறை தன்னிடம்தான் என்று அவள் சொல்லியிருந்தாள்.

“நாளைக்குக் காலைல எட்டரைக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்காங்க,” என்றாள், விளக்கைப் பார்த்தபடி. “இந்த ஒரு தடவை நீங்களும் கூட வர்றீங்களா?”