மணியை மெதுவாக அடியுங்கள்

“பிணம் கடிக்குமா? எந்த ஊர்ப் பிணம்யா கடிக்குது?”

ஹாங்காங்கின் கவுலூன் ஸ்டூடியோவுக்குள் கத்திக்கொண்டே நுழைந்த பெண்ணைப் பார்த்து, டைரக்டர் யிப் தலையில் கைவைத்துக்கொண்டார். படப்பிடிப்பில் மதியச் சாப்பாட்டு நேரம். எட்டுப் பிணங்கள் வரிசையாக உட்கார்ந்து, நெற்றியில் ஒட்டிய மந்திரக் காகிதத்தை ஒதுக்கிவிட்டுப் பன்றி இறைச்சிச் சோறு தின்றுகொண்டிருந்தன.

“யாரும்மா நீங்க?”

“தியன் சுயிங். ஹோட்டல்ல பாத்திரம் கழுவுறேன். சொந்த ஊர் சீனாவுல ஹூனான் மலைப்பக்கம். போஸ்டர்ல பூசாரியைப் பார்த்து நேத்து உங்க படத்துக்குப் போனேன். தியேட்டரே சிரிக்குது. எனக்கு வயிறு எரிஞ்சுது!”

“காமெடிப் படம்மா. சிரிக்கத்தானே எடுக்கிறோம்?”

“எது காமெடி? பிழைக்கப் போன இடத்துல செத்தவங்களைப் பூசாரி மணியடிச்சு, மலை தாண்டி வீட்டுக்குக் கூட்டிட்டு வருவாரு. விறைச்ச கால் மடங்காது, அதான் குதிக்குதுங்க, பாவம். அதுங்களைப் போய் அடுத்தவன் கழுத்தைக் கடிக்க விடுறீங்களே, வெட்கமா இல்ல?”

ஒரு பிணம் களுக்கென்று சிரித்தது.

“வாயை மூடுடா! செத்தவன் மாதிரியா உட்கார்ந்திருக்கே?” என்று அதன்மீது பாய்ந்தாள்.

யிப்புக்கு ஆர்வம் பிறந்தது. இவள் சொல்கிற விவரமெல்லாம் இப்போது எடுக்கும் படத்துக்கு உதவுமே!

“கோபப்படாதீங்கக்கா. இவர்தான் நம்ம பூசாரி, பூன். நீங்களே சொல்லிக் குடுங்களேன்.”

மஞ்சள் அங்கியோடு பூன் எழுந்து வந்து மணியை ஆட்டினார்.

“ஐஸா விக்கிறீங்க? மெதுவா அடிங்க! முன்னால நடங்க, ஓடாதீங்க. மேடு வந்தா மேடுன்னு சொல்லணும், வாசப்படி வந்தா வாசப்படின்னு சொல்லணும். அவங்க கண்ணு மூடியிருக்குல்ல? இதுகூடவா தெரியாது?”

பூனுக்கு வியர்த்துக் கொட்டியது. சோற்றைப் பாதியில் விட்டுவிட்டுப் பிணங்களும் வந்து பின்னால் நின்றன. பத்து முறை நடந்திருப்பார். ஒவ்வொரு முறையும் திட்டு. கடைசியில் மணி ஓசைக்கு எட்டுப் பேரும் ஒரே சீராகக் குதித்து வந்தபோதுதான் அவள் அடங்கினாள்.

“இப்பவாவது திருப்தியா?” என்றார் யிப்.

“ம். இப்பத்தான் சரி.”

பூனுக்கு முன்னால் போய் இடுப்பு வளையக் கும்பிட்டாள்.

“கிளம்புங்க சாமி. எரிச்சுச் சாம்பலாத்தான் ஊருக்குக் கொண்டுபோகலாம்கிறாங்க... என் வீட்டுக்காரரு ஒன்பது நாளா ஆஸ்பத்திரிப் பிணவறையில காத்துக் கிடக்கிறாரு.”