பெட்டிக்குள் ஒரு 'இல்லை'

"ஆரடா அந்தத் துரோகி?"

மேசையில் ஓங்கி அடித்தவர் வாமதேவன். அடித்த அடியில், எண்ணி அடுக்கிய வாக்குச் சீட்டுகள் சரிந்து நிலத்தில் பரவின. பெட்டிக்குப் பொறுப்பாளரே அவர்தான் என்பதால் ஒருவரும் குறை சொல்லவில்லை.

2009 டிசம்பர். பாரிசின் லா சப்பலில் ஒரு வாடகை மண்டபம். தனிநாடு வேண்டுமா என்று பிரான்சில் இருக்கும் ஈழத்தமிழரிடம் கேட்ட வாக்கெடுப்பு அன்று. மே மாதத்தில் போரோடு எல்லாம் முடிந்த பிறகு சனத்தின் கையில் மிஞ்சியிருந்தது அந்தச் சீட்டுத்தான். மண்டபத்துப் பெட்டியில் விழுந்த அத்தனையும் 'ஓம்', வேண்டும் என்பவை. ஒன்றைத் தவிர.

சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பிரெஞ்சுப் பத்திரிகைக்காரி, அந்த ஒன்றைக் கேட்டதும் நிமிர்ந்தாள். பைக்குள் போட்ட பேனையைத் திரும்ப எடுத்தாள்.

மண்டபத்தின் கண்ணெல்லாம் துஷ்யந்தன் மேல் போய் நின்றது. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் கடை வைத்து ரெலிபோன் காட் விற்கிறவன். கடனுக்குக் காட் கொடுப்பான். வாயை மட்டும் யாருக்காகவும் மூடமாட்டான். போன கிழமை வாமதேவனின் மரக்கறிக் கடையில் அவன் திறந்த வாய்தான் இப்போது சாட்சிக்கு வந்து நின்றது.

அன்று வாமதேவன் கத்தரிக்காயைக் கோபுரமாக அடுக்கி, உச்சியில் வழக்கம்போலப் புழு துளைத்த ஒன்றை வைத்துக்கொண்டிருந்தார். சார்செலிலிருந்து ரயிலேறி வரும் புதுச்சேரி லாசர், தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், அந்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார். "மருந்தடிக்காத காய்தான்" என்று திருப்திப்பட்டு, அதை ஒதுக்கிவிட்டு அடியில் கிடந்ததை அள்ளிப் பையை நிரப்பினார்.

"சரணடையப் போன ஆக்களின்ரை வெள்ளைக் கொடியையே பாக்காத உலகம், எங்கடை சீட்டைப் பாக்குமோ அண்ணை?" என்று கேட்டான் துஷ்யந்தன். கடையில் நின்ற நாலு பேருக்கும் கேட்டது.

"ரெண்டாயிரத்தஞ்சுல எங்களையும் கேட்டாங்க தம்பி. ஐரோப்பாவுக்குச் சட்டம் வேணுமான்னு. 'நோன்', வேணாம்னு குத்தினோம். மூணு வருஷத்துல வேற பேர் வச்சு பார்லமெண்டுல முடிச்சுட்டாங்க!" லாசர் சிரித்தார். "இருந்தாலும் அது வாக்கெடுப்பு. உங்காளுங்க அத்தனை பேரும் 'வீ', வேணும்னே போட்டா அது வாக்கெடுப்பு இல்ல, பூசை. சாமியார் பாட, எல்லாரும் 'ஆமென்'. எந்தப் பேப்பர்காரன் நம்புவான்?"

வாமதேவன் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்டபத்தில் துஷ்யந்தன் எழுந்து நின்றான். "நான் ஓம் எண்டுதான் போட்டனான். அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோ."

வாமதேவன் குனிந்து, சிதறிய சீட்டுகளைப் பொறுக்கினார்.

அடுத்த ஞாயிறு, பெரியபிள்ளையான துஷ்யந்தனின் மகள் யசோதினிக்குச் சாமத்திய வீடு. பிள்ளையின் தாய்மாமன் முள்ளிவாய்க்காலில் இருந்து வரவேயில்லை. அந்த இடத்தில் நின்று தேங்காய் உடைக்க ஒப்புக்கொண்டிருந்தவர் வாமதேவன்.

திங்கட்கிழமை முதல் ஆள் தவரத்தினம். துஷ்யந்தனின் கடைக்குள் வராமல் வாசலில் நின்றே அழைப்பிதழைத் திருப்பி நீட்டினார். "கோவிக்காதை. அண்டைக்கு எனக்கு வேலை."

"ஞாயிற்றுக்கிழமை என்னண்ணை வேலை?"

"மச்சானைக் குடுத்த வீட்டிலை இருந்துகொண்டு 'இல்லை' எண்டு போட்டிருக்கிறாய். அந்த வீட்டுக்கு வராமல் இருக்கிறதுதான் வேலை."

வியாழக்கிழமைக்குள் சமையற்காரரும் வரமாட்டேன் என்றார். மேடை அலங்காரம் செய்ய வந்தவர் முற்பணத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். தாய்மாமனாக நிற்கிறேன் என்றவர் ரெலிபோனை எடுக்கவேயில்லை.

வெள்ளி காலை துஷ்யந்தன் மரக்கறிக் கடைக்கே போனான். கண்ணாடியில் பத்திரிகைத் துண்டு ஒன்று புதிதாக ஒட்டியிருந்தது. மறுக்கவும் இடம் கொடுத்த நேர்மையான வாக்கெடுப்பு என்று அந்தப் பெண் புகழ்ந்து எழுதியிருந்தாள்.

"அண்ணை, என்ரை பிள்ளையாணை, நான் ஓம் எண்டுதான்..."

"ஆணை வேண்டாம்," என்றார் வாமதேவன். "எனக்குத் தெரியும்."

துஷ்யந்தனுக்குக் கண் நிறைந்துவிட்டது. லா சப்பல் முழுவதிலும் அவனை நம்பிய ஒரே மனிதர்.

"அப்ப வாங்கோ. தவரத்தினத்தாரிட்டை ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் சனம் கேக்கும். பிள்ளை அழுதுகொண்டிருக்கிறாள்."

"அது ஏலாது தம்பி."

"ஏன் ஏலாது?" அவன் குரல் உயர்ந்தது, பிறகு சந்தேகத்தில் தாழ்ந்தது. "மடிச்சுப் போட்ட சீட்டு. ஆர் என்ன போட்டது எண்டு கடவுளுக்குத்தான் தெரியும். நான் இல்லை எண்டு உங்களுக்கு மட்டும் எப்பிடித் தெரியும்?"

வாமதேவன் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பெட்டியில் கிளறி, புழு துளைத்த கத்தரிக்காயைத் தேடி எடுத்து, கோபுரத்தின் உச்சியில் பக்குவமாக வைத்தார்.

"அது நான் போட்டது."