மாற்றுச் சட்டை

சென்னையிலிருந்து சாலையைத் தவிர்த்து வயல்காடு வழியாகவே நாகப்பட்டினத்துக்கு சைக்கிளில் கிளம்பிய தினகர், மரக்காணம் உப்பளத்தில் வரப்பு வழுக்கி உப்புப் பாத்தியில் விழுந்தான்.

உப்பு வாரிக்கொண்டிருந்த அம்சவள்ளி அவனை வீட்டுக்கு அழைத்துப்போய் ஒரு சட்டையைக் கொடுத்தாள்.

"உங்க வீட்டுக்காரரோடதா?"

"இல்லீங்க, அவருக்கு இது தொளதொளன்னு இருக்குது. சுனாமி அப்போ மெட்ராஸ்லேர்ந்து மூட்டையில வந்தது. முழங்கை கிழிசல். பட்டனைக்கூட வெட்டி எடுத்துக்கிட்டுத்தான் அனுப்பியிருந்தாங்க. நான்தான் தைச்சு வெச்சேன்."

"சே! இப்படியும் மனுஷங்களா?" என்று கொதித்தபடியே தினகர் சட்டையை மாட்டிக்கொண்டான்.

பட்டன் போடக் குனிந்தவன் கண்ணில் பாக்கெட்டின் பச்சை மைக்கறை பட்டது. அவனுடைய பேனா கசிந்த கறை. வெட்டியெடுத்த பட்டன்கள் இன்னும் அவன் வீட்டு டப்பாவில்தான் கிடக்கின்றன.

குனிந்த தலை நிமிரவில்லை.

"அட, உங்களுக்கே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்குதுங்களே!" என்றாள் அம்சவள்ளி.