ரிஜெக்ட் அக்கா

கேன்டீனில் அந்த அக்கா தட்டோடு வந்து உட்கார்ந்தால், எதிரில் இருப்பவர்கள் அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

அவளுக்கு அவர்கள் வைத்த பெயரே 'ரிஜெக்ட் அக்கா'.

மின்சாரக் கார்களுக்கு பேட்டரி செல் செய்யும் தொழிற்சாலை அது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். அடுக்கு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே படத்தில் பார்ப்பது அக்காவின் வேலை. மயிரிழை விலகியிருந்தாலும் சிவப்புத் தட்டில் தூக்கிப் போட்டுவிடுவாள். மொத்த ஷிப்டுக்கும் ஊக்கத்தொகை போச்சு.

உற்பத்தி மேலாளர் நயமாகச் சொல்லிப் பார்த்தார். அடுக்கு விலகினால் என்றைக்காவது சூடேறித் தீப்பிடிக்கும் என்றாள் அவள். லட்சத்தில் ஒன்று அப்படி ஆகலாம், அதற்காக இத்தனை பேர் வயிற்றில் அடிப்பதா என்றார்.

"அந்த ஒண்ணு எதுன்னு காட்டுங்க சார். மத்ததை எல்லாம் விட்டுடறேன்."

மேலாளருக்கு முகம் சுண்டிவிட்டது. அடுத்த வாரமே அவளை ஸ்டோருக்கு மாற்றினார். இனி கையுறையும் தொப்பியும் எடுத்துக் கொடுத்தால் போதும்.

"நல்லவேளை, கல்யாணத்துக்கு முன்னாடி என்னை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காம விட்டே" என்று ஆறுதல் சொல்கிற சாக்கில் வாரினான் கணவன். சிரித்தாள். பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

அக்கா போனதும் உற்பத்தி பறந்தது. சிவப்புத் தட்டில் தூசிதான் இருந்தது. கூட்டம் போட்டு மேலாளரைப் பாராட்டினார்கள். கைதட்டியவர்களில் அக்காவும் ஒருத்தி. கேன்டீனில் எல்லாரும் இப்போது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒருநாள் மத்தியானம் மேலாளரே ஸ்டோருக்கு வந்தார். கையுறை எடுக்கப் போனவளை வேண்டாம் என்று தடுத்துவிட்டு, கதவைச் சாத்தினார். எப்படி இருக்கீங்க என்று விசாரித்தார். இத்தனை வருஷத்தில் அவர் 'நீங்க' போட்டது இதுதான் முதல்முறை. இந்த வேலைக்கும் உலை வைக்க வந்துவிட்டார் என்றே நினைத்தாள்.

விஷயம் அதில்லை. அவருடைய மகள் கார் வாங்குகிறாளாம். இங்கே செய்கிற செல்தான் அதில் போகிறதாம். கார் கம்பெனியில் பேசி, அந்த ஒரு வண்டிக்கான செல்களை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறாராம்.

"கைக்குழந்தையை வச்சுக்கிட்டு தினமும் அதுலதான் போகப்போறா. சாயங்காலம் எக்ஸ்ரே ரூமுக்கு வந்து, அதை மட்டும் நீங்க ஒரு தடவை பாத்துக் கொடுத்துடுங்கம்மா."

அக்கா நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"இப்பல்லாம் ரிஜெக்டே வர்றதில்லையே சார். எதை எடுத்து வச்சாலும் நல்லதாத்தானே இருக்கும்?"

மேலாளர் சாத்திய கதவை இன்னொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அது வர்றதில்லைங்கறதுதாம்மா பயமா இருக்கு."